பூட்டிய கல்லறைக்கு எத்தனை சாவி? நம் வாசகர் குழுவைத் திறந்துவிடலாமா?

கறுப்புக்கண்ணாடி (கோலாலம்பூர்)
விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாம்சின் மியூர் எழுதும் 'லாக்ட் டூம்' ('பூட்டிய கல்லறை') நாவல் வரிசையைப் படிக்கும் தமிழ் ஆட்களுக்கு டெலிகிராமில் ஒரு குழு இருக்கிறது. 'கிடியன் த நைன்த்' 2019இல் வந்தது, 'ஹாரோ' 2020இல், 'நோனா' 2022இல். விண்வெளியில் எலும்பு மந்திரம் செய்பவர்கள், அவர்களுக்குத் துணையாக வாள் பிடிக்கும் காவலர்கள், நடுவில் வெறுப்பா காதலா என்று பிரிக்க முடியாதபடி கிடியன், ஹாரோ என்று இரண்டு பெண்கள்.

குழுவில் சேர, உள்ளே இருக்கும் இரண்டு பேர் "எனக்கு இவரைத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். அந்த விதி போக வேண்டும் என்கிறேன். டிசம்பரில் கேஎல்சிசியில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவுக்கு நாமெல்லாம் முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு போவோம். கேட்பவர்களுக்குக் குழுவின் இணைப்பைக் கொடுப்போம்.

பங்சாரில் இருக்கிற எனக்கு இந்த ரசனையுள்ள நண்பர்கள் நாலு பேர் கிடைப்பார்கள். தெலுக் இந்தான் மாதிரிச் சின்ன ஊரில் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் பெண்ணுக்கு யார் சிபாரிசு செய்வது? யாரையும் தெரியாதவருக்குத்தான் இந்தக் குழு வேண்டும். நம் விதியோ அவரைத்தான் வெளியே நிறுத்துகிறது.

பட்டர்வொர்த்வாசி
தங்கச்சி, ஆசை நல்ல ஆசைதான். என் ஓட்டு கிடையாது.

2023 மே மாதம் நடந்தது நினைவிருக்கிறதா? ஓரினக் காதலின் அடையாளமான வானவில் நிறத்தில் கடிகாரம் விற்றதற்கு, அதிகாரிகள் ஸ்வாட்ச் கடைகளில் புகுந்து 172 கடிகாரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆகஸ்டில் அவற்றுக்குத் தடை. கையில் கட்டியிருந்தாலே மூன்று ஆண்டு வரை சிறை என்று அறிவிப்பு. அதே ஆண்டு ஜூலையில் செப்பாங் இசை விழா மேடையில் வெளிநாட்டுப் பாடகர் ஒருவர் வீரம் காட்டித் தன் குழுவின் இன்னோர் ஆணுக்கு முத்தம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். மீதி இரண்டு நாள் விழாவே ரத்து. அவருக்கு என்ன போயிற்று? இங்கே இருந்தவர்கள்தான் ஒடுங்கிப் போனார்கள்.

அப்புறம் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று. நம் குழுவில் பினாங்குத் தமிழ் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். உனக்கும் எனக்கும் குற்றவியல் சட்டத்தோடு முடிந்தது. அவர்களுக்கு மாநில ஷரியா சட்டமும் உண்டு. ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லாதபோது, குறைந்த ஆபத்து உள்ளவர் கதவைத் திறந்து வைப்பது பெருந்தன்மை ஆகாது.

வழக்குக்கட்டு
சட்டம் படிக்கிறேன் என்பதால் ஒரு குறுக்கீடு. பயப்படுங்கள், ஆனால் சரியான இடத்தைப் பார்த்துப் பயப்படுங்கள்.

குற்றவியல் சட்டத்தின் 377ஏ பிரிவு, 'இயற்கைக்கு மாறானது' என்று சட்டம் சொல்லும் உடலுறவு பற்றியது. 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. கொடுமையான சட்டம்தான். ஆனால் நாவல் படிப்பது, அதைப் பற்றிப் பேசுவது அதற்குள் வராது. புத்தகத்தைத் தொடுவது 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். உள்துறை அமைச்சர் தடை போட்ட பிறகு அந்தப் புத்தகத்தை வைத்திருந்தால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். அச்சடித்தால், விற்றால் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, இல்லை இரண்டுமே. 'லாக்ட் டூம்' தடையான புத்தகம் இல்லை. நான் என் பிரதியை இங்கே கடையில்தான் வாங்கினேன்.

ஆனால் ஒன்று: தடை எப்போது வரும், எப்போது போகும் என்று கணிக்க முடியாது. 'கே இஸ் ஓகே' என்ற கிறிஸ்தவ நூல் 2013இல் வந்தது. 2020இல் தடை, 2022இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. கடிகாரங்களைத் திருப்பிக் கொடுக்கும்படி 2024 நவம்பரில் தீர்ப்பு வந்ததற்குக் காரணமும், பறிமுதல் நடந்தபோது தடையுத்தரவே இல்லை என்பதுதான். கடிகாரத்தின் நிறத்தைப் பற்றி யாரும் தாராள மனதோடு தீர்ப்பெழுதவில்லை.

சும்மா_வந்தேன்
நான் ரசிகன் இல்லை. என் தங்கை கொடுத்து முதல் புத்தகத்தை மட்டும் படித்தேன். அதில் அந்தப் பெண்ணுக்குப் பெண்களைப் பிடிக்கும் என்பதை யாருமே ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. யாரும் அதைப் பற்றி அழுவதும் இல்லை, அறிவிப்பதும் இல்லை. கதையே அப்படி அமைதியாக இருக்கும்போது உங்களுக்கு எதற்கு இணைப்பு, மண்டையோடு, ஊர்வலம்? படிப்பதைப் படித்துவிட்டுப் போங்களேன்.

கறுப்புக்கண்ணாடி (கோலாலம்பூர்)
அண்ணே, நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள். முடிவைத்தான் தலைகீழாக எடுத்துவிட்டீர்கள். கிடியன் அறிவிக்கத் தேவையில்லை, ஏனென்றால் அங்கே யாரும் அவளைக் கேட்பதில்லை. அவளுக்கு இருக்கிற தொல்லையெல்லாம் வேறு: பாழடைந்த வீடு, கழுத்தை நெரிக்கும் கடமை, எலும்புக்கூட்டு வேலையாட்கள், சின்ன வயதிலிருந்தே உயிரை வாங்கும் ஹாரோ. அப்படி ஓர் உலகத்தைப் படித்துவிட்டு, தீபாவளிக்கு வீட்டுக்குப் போய் "மாப்பிள்ளை பார்க்கலாமா?" என்ற கேள்விக்கு நடுவில் உட்காரும்போதுதான் இன்னொருவரோடு பேச வேண்டும் என்று தோன்றுகிறது. உங்கள் தங்கை ஏன் அந்தப் புத்தகத்தை உங்களிடம் கொடுத்தார் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

செந்தூல்_அக்கா
நான் இந்த மாதிரிக் கூட்டங்களில் ரொம்ப நாளாக இருக்கிறேன். ரசிகர்கள் பயந்து பூட்டுவதும் திறப்பதும் இன்றைக்கு ஆரம்பித்ததில்லை. 'ஸ்டார் ட்ரெக்'கின் கிர்க், ஸ்பாக் இருவரையும் காதலர்களாகச் சேர்த்து எழுதிய முதல் கதை ஒரு ரசிகர் இதழில் வந்தது 1974இல். அதிலும் பெயர் சொல்லாமல், யார் யாரோடு என்று வாசகரே ஊகிக்கும்படிதான் எழுதினார்கள். அப்புறம் வந்த இதழ்கள் தெரிந்தவர் கைக்குத் தெரிந்தவர் கை என்று போயின. பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வட்டத்தில் ஆள் தெரியாதவருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

2007இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவு நிறுவனம் புகார் வந்ததென்று ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான பக்கங்களை முடக்கியது. ரசிகர் கதைகளும் அதில் போயின. அந்த ஆண்டே, அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் குடியிருக்கக் கூடாது என்று ரசிகர்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் 2009இல் திறந்ததுதான் 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் கதைத் தளம். பத்து வருஷத்தில் அதற்கு, அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதே கிடைத்தது.

நம் குழுவைப் பாருங்கள். டெலிகிராம் ஒரு நாள் கையை விரித்தால், 'ஹாரோ' என்ற இரண்டாம் புத்தகத்தில் கதையை "நீ, நீ" என்று சொல்லிக்கொண்டு போவது யார் என்று நாம் போட்ட சண்டை மொத்தமும் போயிற்று. பட்டர்வொர்த் தம்பி, உன் பூட்டு ஆளைக் காப்பாற்றும். எழுத்தைக் காப்பாற்றாது.

பட்டர்வொர்த்வாசி
அக்கா, அதே ஆர்கைவ் 2020 பிப்ரவரியில் சீனாவில் முடங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போலீஸ் தானாகத் தேடி வரவில்லை. ஒரு நடிகரை வைத்து எழுதிய கதை பிடிக்கவில்லை என்று அவருடைய ரசிகர்களே கூட்டமாகப் புகார் கொடுத்தார்கள். ஒரு கதை மேல் கோபம், ஒரு நாட்டுக்கே தளம் இல்லாமல் போனது. இந்த நாட்டில் இந்தியர்களே நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை, ஒருவரை ஒருவர் எளிதில் தெரிந்துவிடும். எனக்கு உள்துறை அமைச்சைவிட, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடும் ஒரு சித்தப்பாவைப் பார்த்தால்தான் பயம்.

எலும்புக்குவியல் (பினாங்கு)
நான் குழுவிலேயே சின்னவள். பேசலாமா?

குழுவில் நான் போட்ட கதையை இங்கே இருக்கும் பாதிப் பேர் படிக்கவில்லை. பூம்பாவையை, நாவலில் ஹாரோவின் குலமான ஒன்பதாம் வீட்டுக்குக் கொண்டுபோன கதை அது. மயிலாப்பூரில் பாம்பு கடித்து இறந்த பெண்ணின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்திருந்து, சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்று நமக்குத் தேவார வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். எலும்பு மந்திரம் நமக்குப் புதிதில்லை, லா! என் கதையில் ஹாரோ குடத்தைத் திறக்கிறாள். எழுந்து வரும் பூம்பாவை முதலில் கேட்பது "என்னை யார் கூப்பிடச் சொன்னது?" அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். குடத்தின் பக்கத்தில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது அந்தத் தோழிதான். அப்பா இல்லை.

இதை வெளியே போட எனக்கு ஆசை. சித்தி படிக்கக் கூடாது, அதுவும் வேண்டும். ஆர்கைவில் அதற்கு வழி இருக்கிறது. கதையை 'அநாதை'யாக்கலாம். என் கணக்குப் பெயர் கதையிலிருந்து கழன்றுவிடும், கதை அங்கேயே இருக்கும். உறுப்பினர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டவும் செய்யலாம். அப்படியானால் கதைகளையும் வாதங்களையும் வெளியே வைத்துவிட்டு, ஆட்களை உள்ளேயே வைத்துக்கொள்ளலாமே? தெலுக் இந்தான் அக்கா முதலில் கதையைக் கண்டுபிடிக்கட்டும். பின்னூட்டம் போடட்டும். பேசிப் பழகி நமக்குத் தெரிந்தவராகிவிடுவார். சிபாரிசு தானாக வந்துவிடும்.

வழக்குக்கட்டு
அநாதையாக்கினால் திரும்ப உன் பெயருக்கு மாற்ற முடியாது, கவனம். திருத்தவும் முடியாது. எழுத்துப்பிழையெல்லாம் பார்த்துவிட்டுச் செய்.

கறுப்புக்கண்ணாடி (கோலாலம்பூர்)
கதைகள் வெளியே, சரி. முழு மனதோடு சரி. அந்தப் பூம்பாவை கதையை நேற்றிரவு படித்தேன், தூக்கம் போயிற்று. ஆனால் வருகிறவர் பின்னூட்டம் போட்டுப் பழகி, நம் மனதில் இடம்பிடித்துத்தான் உள்ளே வர வேண்டும் என்பது பழைய விதிதான், கொஞ்சம் மெதுவாக. எழுதத் தெரியாத, கூச்சப்படுகிற ஆள் என்ன செய்வார்? காமிக் ஃபியஸ்டாவை நான் விடுவதாக இல்லை.

செந்தூல்_அக்கா
விடாதே. ஆனால் கொடுக்கிற இணைப்பு கதைப் பக்கத்துக்குப் போகட்டும், குழுவுக்கு வேண்டாம். குழுவின் விதியை இரண்டு பேரிலிருந்து ஒரு பேர் ஆக்குவோம். அந்த ஒருவர் நேரில் பார்த்துப் பேசியவராக இருக்க வேண்டும். தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் என்ன சொல்கிறார்களோ அதுதான் கடைசி வார்த்தை. இங்கே கேட்க வேண்டாம், நான் தனியாகக் கேட்கிறேன்.

பட்டர்வொர்த்வாசி
கடைசி வரிக்காக மட்டும் பாதி ஓட்டு. காமிக் ஃபியஸ்டாவுக்கு நானும் வருவேன், அது வேறு விஷயம். முகம் முழுக்க மண்டையோடு, கறுப்புக் கண்ணாடி. என்னைப் பெற்ற அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

எலும்புக்குவியல் (பினாங்கு)
நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார், அண்ணே.

சும்மா_வந்தேன்
தங்கையிடம் கேட்டேன். நோனாவையும் கையில் கொடுத்து "முதலில் ஹாரோவைப் படி, அப்புறம் பேசுவோம்" என்றாள். ஹாரோ இருபது பக்கம் ஆகிறது, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யாராவது கதையைச் சொல்லிவிடாமல் உதவ முடியுமா?