‘முன்கணிப்பு’ போதுமா? குறைமாதக் குழந்தைகளின் மூளை ஸ்கேன் கையேட்டுக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
அனைவருக்கும் வணக்கம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோருக்குக் கொடுக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 32 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கு, நிறைமாத நாளை ஒட்டி மூளையை எம்ஆர்ஐ எடுத்து, பின்னாளில் நடையிலோ பேச்சிலோ படிப்பிலோ குறை வருமா என்று ‘பிரெடிக்ட்’ செய்வது பற்றியது. ஸ்கேன், எம்ஆர்ஐ இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். ‘பிரெடிக்ஷன்’ வந்த இடங்களில் ‘முன்கணிப்பு’ என்று போட்டேன். படித்துப் பார்த்த செவிலியர், “ஜாதகம் கணிக்கிற மாதிரி இருக்கே” என்றார். வேறு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
அந்தச் செவிலியருக்கு நல்ல காது. ‘கணி’ என்றாலே சோதிடன்தான். வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர் உண்டு. வேங்கை பூத்தால் தினை கொய்யும் காலம் வந்துவிட்டது என்று மலைநாட்டார் அறிந்தார்கள். காலம் சொன்னதால் மரமே கணியாயிற்று. நாள் குறிக்கிற, தப்பாமல் நடக்கிற ஒன்றைச் சொல்லும் வேர் அது. நமக்கு வேண்டியதை வள்ளுவர் 429ஆம் குறளில் வைத்திருக்கிறார்: ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்.’ வரப்போவதை அறிதல், அறிந்து காத்தல், நோய் மூன்றும் ஒரே குறளில். ‘எதிரறிவு’ என்று வையுங்கள்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:
ஐயா, இதற்கு நாங்கள் புதுச்சொல் தேடத் தேவையில்லை. ‘எதிர்வுகூறல்’ இங்கே பாடப்புத்தகத்திலும் வானிலை அறிக்கையிலும் புழங்குகிற சொல். தொல்காப்பியர் வினையியலில் ‘இறப்பின் நிகழ்வின் எதிர்வின்’ என்கிறார். எதிர்வு என்றால் எதிர்காலம். மழை பெய்யும் என்று எதிர்வுகூறிப் பெய்யாமல் போனதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். பிழைக்கக்கூடும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

மென்பொருள் பொறியாளர், சென்னை:
தமிழ்நாட்டுக் காதுக்கு ‘எதிர்’ என்றால் எதிரி, எதிர்ப்பு. குழந்தை ஸ்கேன் தாளில் ‘எதிர்வு’ என்று பார்த்தால் ஏதோ ஒவ்வாமை என்று நினைப்பார்கள். செய்தித்தாள்களில் தேர்தலுக்கும் சந்தைக்கும் ‘கணிப்பு’தான் ஓடுகிறது. அதில் யாரும் சோதிடத்தை நினைப்பதில்லை. முன்கணிப்பே இருக்கட்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
தேர்தல் வேறு, பிள்ளை வேறு. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி விரிச்சி கேட்கிறார்கள். தலைவியின் கவலைக்கு ஒரு நற்சொல் தேடிப் போகிறார்கள். கவலையோடு இருப்பவர் காதில் விழும் சொல்லுக்கு எடை கூடுதல்.

பச்சிளங்குழந்தை மருத்துவர், கோவை:
ஐயா சொன்ன அந்த எடைக்காகத்தான் எழுதுகிறேன். முதல் வாரத்தில் குழந்தையின் உச்சிக்குழியில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்டு பார்ப்போம். மூளை அறைகளை ஒட்டி இரத்தம் கசிந்திருந்தால் தெரியும். கசிவு எவ்வளவு கடுமை என்று சொல்ல, 1978இல் பாபைல் குழுவினர் வகுத்த நான்கு படிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. எம்ஆர்ஐ அப்புறம், 40 வாரத்தை ஒட்டி. பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடி, தூங்கியதும் உள்ளே வைப்போம்; பெரும்பாலும் மயக்கமருந்து வேண்டியிராது. முக்கியமாகப் பார்ப்பது வெண்பொருளை, அதாவது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளை. உட்வர்ட் குழுவினர் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 167 குழந்தைகளை இரண்டு வயதுவரை கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வெண்பொருள் மாற்றம் மிகுந்த குழந்தைகளுக்கு உடலியக்கக் குறையும் மூளை முடக்குவாதமும் கூடுதலாக வந்தன. அறிவு வளர்ச்சியோடு இருந்த தொடர்பு அவ்வளவு வலுவில்லை. ஸ்கேன் நன்றாக இருந்தும் பின்தங்கிய குழந்தைகள் உண்டு. மாற்றம் தெரிந்தும் ஓடியாடி வளர்ந்தவர்களும் உண்டு. எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் வழக்கமாக எம்ஆர்ஐ வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2015இல் பரிந்துரைத்தது. அதனால் நீண்டகாலப் பலன் கூடும் என்பதற்குச் சான்று போதவில்லை.

தாளில் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘பின்னாளில் சிரமம் வரும் வாய்ப்பு கூடுதலா குறைவா என்று பார்க்கிறோம், உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று எழுதிவிடுங்கள். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கத்தான் இது.

அகராதித் தொகுப்பாளர், புதுச்சேரி:
‘சிரமம் வரும் வாய்ப்பு’ தவறு. வாய்ப்பு நல்லதற்கு உரியது; கெட்டதற்கு ‘இடர்’. அதோடு, வாக்கியம் கலைச்சொல் ஆகாது. ‘பிரெடிக்டர்’, ‘பிரெடிக்டிவ் வேல்யூ’ என்று அடுத்தடுத்து வரும். முன்கணிப்பு என்றால் முன்கணிப்பி, முன்கணிப்பு மதிப்பு என்று கிளைக்கும். வாக்கியத்திலிருந்து எதைக் கிளைப்பீர்கள்?

மருத்துவர், கோவை:
கிளைப்பதெல்லாம் எங்கள் கட்டுரைகளுக்கு. இந்தத் தாளைப் படிப்பவர், இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
நேரம் ஆகிவிட்டது. பெற்றோர் பக்கங்களில் மருத்துவர் தந்த வாக்கியம், ‘வாய்ப்பு’ என்ற சொல்லுடனேயே போகிறது. மருத்துவர்களுக்கான கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் ‘முன்கணிப்பு’, பக்கத்தில் ‘எதிர்வுகூறல் (ஈழ வழக்கு)’. எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
நான் உடன்படவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். சொல் இல்லாமல் விட்ட இடத்தில் நாளைக்கு ‘பிரெடிக்ஷன்’ வந்து உட்காரும். அடுத்த பதிப்புக்கு ‘எதிரறிவு’ என்று குறித்துவையுங்கள்.