புதுப்பிப்பு: வெப்ஹூக் கையொப்பம் பொருந்தாத சிக்கல் தீர்ந்தது

மார்த்தாண்டத்தில் சித்தப்பாவின் தேன் கடைத் தளத்தில் பணம் ஏறுகிறது, ஆனால் வெப்ஹூக்கில் (பணம் வந்ததும் பேமென்ட் சேவை நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் தகவல்) அது உண்மையானதா என்று சரிபார்க்கும் கையொப்பம் மட்டும் பொருந்தவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

கையொப்பத்துக்கான ரகசியச் சாவியை மாற்றினேன், லைப்ரரியைப் புதுப்பித்தேன், பலனில்லை. "ஜேசானாகப் பிரித்ததைத் திரும்பச் சரமாக்காதீங்க, வந்த பைட்டுகளை அப்படியே கொடுங்க" என்றவர் சொன்னதுதான் சரி. ஜேசான் என்பது தரவை எழுதும் ஒரு வடிவம்; பிரித்துத் திரும்ப எழுதும்போது ஒரு இடைவெளி மாறினாலும், கையொப்பத்தைக் கணக்கிடும் ஹெச்மேக் ஷா-256 முறை வேறு மதிப்பு தரும். எக்ஸ்பிரஸ் என்ற சர்வர் லைப்ரரியில், வெப்ஹூக் வந்து சேரும் ரூட்டுக்கு (முகவரிக்கு) மட்டும், ஜேசானைப் பிரிக்கும் எக்ஸ்பிரஸ்.ஜேசானுக்கு முன்னால், பைட்டுகளை அப்படியே தரும் எக்ஸ்பிரஸ்.ரா போட்டேன். முதல் சோதனையிலேயே பொருந்திவிட்டது. இரண்டு ராத்திரித் தூக்கம் போனது இந்த ஒரு வரிக்கு!

எதிர்பாராதது ஒன்று: பணம் வந்த ஒரே நிகழ்வுக்கு வெப்ஹூக் இரண்டு தடவை வந்ததில், ஒரு ஆர்டருக்குச் சித்தப்பா இரண்டு பார்சல் கட்டிவிட்டார். இப்போது நிகழ்வு ஐடியைச் சேமித்து வைக்கிறேன். மறுபடி வந்தால் 'கிடைத்தது' என்று சொல்லும் 200 பதில் மட்டும் போகும்.