புதுப்பிப்பு: கியர் இடித்த ஏடிவி சரியாகிவிட்டது

களக்காட்டுப் பக்கம் வாழைத் தோப்பில் ஓட்டும் பழைய ஏடிவி (மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி), கிளட்ச் லீவர் இல்லாத செமி ஆட்டோமேட்டிக், கியர் மாற்றினால் டக்கென்று இடிக்கிறது, எஞ்சின் ஓடும்போது நியூட்ரலே விழவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கிளட்ச் பிளேட்டையே மாற்றணும் என்று டவுனில் ஒரு மெக்கானிக் சொன்னார், நல்லவேளை மாற்றவில்லை. "முதல்ல கிளட்ச் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைப் பாருங்க அண்ணாச்சி" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் கைகொடுத்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச் கவரில் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை லேசான பிடிப்பு தெரியும்வரை இடப்பக்கம் திருப்பி, அங்கிருந்து வலப்பக்கம் கால் சுற்று விட்டு, ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கினேன். திசையும் அளவும் வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது என்னவென்றால், இடிப்பு நின்ற பிறகும் ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. பார்த்தால் உள்ளே இருப்பது நானே ஊற்றிய கார் ஆயில்! எஞ்சின் ஆயிலிலேயே கிளட்ச்சும் முங்கிக் கிடக்கும் இந்த மாதிரி வண்டியில் கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கிவிடும். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ (ஆயிலில் முங்கும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி) என்று போட்டிருக்கும் பைக் ஆயிலுக்கு மாற்றி இரண்டு நாள் ஓட்டியதும் சரியாகிவிட்டது. அப்புறம் ஐடிலையும், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தையும், கொஞ்சம் குறைத்தேன். நேற்று நாலு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஓடைக்கரை மேட்டில் முக்காமல் ஏறியது.