தட்டடவு ரீல் தாளத்தை விட்டு ஓடுகிறது, என்ன செய்வது?

மூன்றாம்வருட_விஸ்காம்:
சென்னையில் ஒரு பரதநாட்டியக் குழுவில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். டிசம்பர் சீசனுக்கு இன்ஸ்டாகிராமில் போட குட்டி அனிமேஷன்கள் வேண்டுமாம். முதல் வேலையே தட்டடவு, பாதத்தைத் தரையில் தட்டும் அடிப்படை அடவு. எட்டுத் தட்டு ஆதி தாளம், நட்டுவாங்கப் பதிவு (கழி தட்டித் தாளம் சொல்வது) 80 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 80 தட்டு. 30 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 30 ஃபிரேம்) தட்டுக்கு 22 ஃபிரேம் வைத்து ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) வரைந்து, அதையே ஐந்து முறை ஒட்டினேன். டீச்சர் தொடையில் தாளம் போட்டபடி பார்த்தார். மூன்றாவது சுற்றில் கையை நிறுத்திவிட்டு, "இவ எங்கடா ஓடறா?" என்றார். மூன்று நாள் வேலை அண்ணா!

கீஃப்ரேம்_கிறுக்கன்:
கணக்குதான் தம்பி. 30 எஃப்பிஎஸ்ஸில் 80 பிபிஎம் என்றால் தட்டுக்கு 22.5 ஃபிரேம். அந்த அரையை நீ விழுங்கிவிட்டாய். எட்டுத் தட்டுக்கு 4 ஃபிரேம், ஐந்து சுற்றுக்கு 20. கிட்டத்தட்ட ஒரு தட்டே முன்னால் போய்விடும். 24 எஃப்பிஎஸ்ஸுக்கு மாறு. தட்டுக்கு 18, ஆவர்த்தனத்துக்கு 144, பிசிறே இல்லை. ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 72 படம் போதும்.

சலங்கை_அக்கா:
அதோடு முடியாது. தட்டுக்கழியைத் தட்டுவது மனுஷக் கை. 80 என்று ஆப் சொல்வது சராசரிதான். ஆடியோ அலையில் ஒவ்வொரு தட்டு விழும் இடத்திலும் மார்க்கர் போட்டுக்கொள், பாதம் அங்கே விழட்டும். ஒரு ஃபிரேம் முந்தினால் கண் மன்னிக்கும், பிந்தினால் மன்னிக்காது.

இன்னொன்று. அனிமேஷன்காரர்கள் பழக்கதோஷத்தில் உடம்பை ஏற்றி இறக்குவீர்கள். தட்டடவில் அரைமண்டி, அதாவது முழங்காலை மடக்கிய பாதி உட்கார்ந்த நிலை, கலையவே கூடாது, தலை ஒரே மட்டத்தில் நிற்கும், கால் மட்டும்தான் மேலே போய் வரும். நாங்கள் வருஷக்கணக்கில் திட்டு வாங்கியது அதற்குத்தான். தலைக்கு மேல் ஒரு கோடு போட்டுவைத்து வரை.

மூன்றாம்வருட_விஸ்காம்:
அக்கா, கோடு போட்டுப் பார்த்தேன். என் பெண் ஸ்பிரிங் பொம்மை மாதிரி குதித்துக்கொண்டிருந்தாள்! 24-க்கு மாற்றி முழுக்கத் திரும்ப வரைந்தேன். டீச்சர் ஐந்து சுற்றும் தாளம் போட்டு முடித்தார். அப்புறம், "இடுப்புல வச்ச கை மணிக்கட்டு ஏன் தொங்கறது?" என்றார். இன்றைக்கு அந்த வேலை. அடுத்த ரீல் மிஸ்ர சாபுவாம், ஏழு எண்ணிக்கைத் தாளம்.

கீஃப்ரேம்_கிறுக்கன்:
மூணும் நாலுமாகப் பிரித்து மார்க்கர் போடு. ஏழு எண்ணிக்கையைச் சமமாக வெட்டிவிட்டு இங்கே வந்து அழாதே.