டொய்ஃபெல்ஸ்மோர் சதுப்பு, வோர்ப்ஸ்வேடெ: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

தொடக்கப் பதிவு

வட ஜெர்மனியில் ப்ரேமன் நகருக்கு அருகே, டொய்ஃபெல்ஸ்மோர் சதுப்பில் இருக்கும் ஓவியர்களின் ஊர் வோர்ப்ஸ்வேடெ. அதன் ஸியோன் தேவாலயத்துக்குள் நுழைந்து அந்தத் தேவதூதர் தலைகளைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள், ஓவியர் பவுலா மோடர்ஸோன்-பெக்கரின் சமாதியில் சிற்பி ஹொட்கெர் வடித்த தாயையும் சேயையும் படம் எடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போகிறவர் குறைவு.

1900 ஆகஸ்டில் பவுலாவும் சிற்பி கிளாரா வெஸ்ட்ஹோஃபும் இந்தக் கோபுரத்தில் ஏறி மணியை அடித்தார்கள். பவுலாவுக்கு அப்போது 24 வயது, கிளாராவுக்கு 21. நேரமில்லா நேரத்தில் மணி அடித்தால் அங்கே ஒரே அர்த்தம்தான்: தீ. நாணல் வேய்ந்த கூரை, அடுப்பில் எரிவது சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த பீட் என்னும் மக்கிய பாசி மண், கோடையில் காலடி மண்ணே பற்றிக்கொள்ளும் பூமி. ஊரே திரண்டு ஓடி வந்தது. வீணாக ஓடவைத்ததற்கு ஈடாக இருவரும் தேவாலயத்தை அலங்கரித்துக் கொடுத்தார்கள். தூதர் தலைகள் கிளாராவின் கைவேலை, பூக்கள் பவுலா தீட்டியவை. பவுலாவின் பெரிய படைப்புகள் எல்லாம் அருங்காட்சியகச் சுவர்களுக்குப் போய்விட்டன. இந்தப் பூக்கள் மட்டும் இன்றும் பிரார்த்தனைக்கு வருகிறவர்களின் தலைக்கு மேலே இருக்கின்றன. அந்த நினைப்புதான் விடமாட்டேன் என்கிறது. வேறு என்னென்ன கண்ணில் பட்டது, எழுதுங்கள்.

மறுமொழி 1

பிர்ச் மரங்கள். வெள்ளைப் பட்டை, கறுத்த வாய்க்கால், அதில் தலைகீழாகத் தெரியும் மேகம். ஓவியர்கள் நூறு தடவை வரைந்த காட்சி, நேரில் பார்த்தால் அப்படியே நிற்கிறது. பார்த்ததும் மனம் கனத்துப் போவது வேறு காரணத்தால்.

உயிரோடிருக்கும் மேட்டுச் சதுப்பில் பிர்ச் பெரிதாக வளராது. அங்கே ஸ்பேக்னம் பாசி மழைநீரைக் குடித்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் பீட்டாகப் படிந்துகொண்டே போகும். வேருக்குக் காற்று கிடைக்காது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் மேல்மண் காய்கிறது, காற்று புகுகிறது, பிர்ச் விதை விழுந்து முளைக்கிறது. வளர்ந்த மரம் இலை வழியாக இன்னும் நீரை இழுத்து வெளியே விடுகிறது, மண் மேலும் காய்கிறது. ஆக, ஓவியத்தில் அழகாக நிற்கும் பிர்ச் வரிசை சதுப்பு செத்துக்கொண்டிருப்பதன் அடையாளம். 1889இல் மாக்கென்ஸன், மோடர்ஸோன், ஹான்ஸ் ஆம் என்டே என்ற ஓவியர் மூவரும் அங்கேயே தங்கிவிட முடிவெடுத்தபோது, அவர்கள் இயற்கை என்று நினைத்து வரைந்தது வடிகட்டிய நிலத்தைத்தான்.

மறுமொழி 2

மேலே பிர்ச் பற்றி எழுதியவருக்கு: மண்ணைப் பற்றிச் சொன்னது சரி, மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டது சரியில்லை. சாலையோரப் பிர்ச்சுகள் தானாக முளைத்தவை அல்ல, நட்டவை. சத்தில்லாத புளிப்பு மண்ணில் வேறு மரம் எளிதில் பிடிக்காது. பிர்ச்சின் ஆயுள் பெரும்பாலும் நூறாண்டுக்குள் முடிகிறது என்பதால், ஓவியர்கள் பார்த்த மரங்கள் இன்று அநேகமாக ஒன்றும் இல்லை. இப்போது நிற்பவை பின்னால் வந்தவை.

நிலத்தை வடித்தவர்களுக்கு வேறு வழி இருந்ததா? 1750 வாக்கில் ஹனோவர் அரசு ஏழைக் கூலிகளையும் சொத்தில் பங்கில்லாத இளைய பிள்ளைகளையும் இங்கே குடியேற்றத் தொடங்கியது. யூர்கென் கிறிஸ்டியான் ஃபின்டோர்ஃப் (1720–1792) வாய்க்கால் கோடு போட்டு, நிலத்தை நீண்ட ஒடுங்கிய பட்டைகளாகப் பிரித்துக் கொடுத்தார். வரைபடத்தைத் திறந்து பாருங்கள், சீப்பின் பற்களைப் போல இன்றும் தெரியும். ஸியோன் தேவாலயமும் அவர் பொறுப்பில் எழுந்து 1759இல் முடிந்ததுதான். குடியேறியவர்களிடையே ஒரு சொலவடை உண்டு: முதலாமவனுக்குச் சாவு, இரண்டாமவனுக்கு வறுமை, மூன்றாமவனுக்கு ரொட்டி. பவுலா தூரிகையை எடுத்தபோது எதிரே உட்கார்ந்திருந்த ஏழையர் இல்லத்துக் கிழவிகள் அந்தச் சனங்களின் வழிவந்தவர்கள். நிலம் செத்தது என்று எழுதும்போது இவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

மறுமொழி 3

படகைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! ஹாமெ ஆற்றில், நொய் ஹெல்கோலாண்ட் துறையிலிருந்து பழைய பீட் படகு மாதிரியில் சவாரி உண்டு. தட்டை அடி, கறுப்புத் தார், பழுப்புப் பாய். வளைவு திரும்பும்போது புல்வெளிக்கு மேலே பாய் மட்டும் தனியாக நகர்ந்து வருவதைப் பார்த்தால் ஒரு நிமிடம் ஆறு எங்கே என்றே தெரியாது. அவ்வளவு ஒடுங்கிய ஆறு.

கணக்கு இது: பீட்டை அளக்கும் பழைய அளவு ஹுன்ட். ஒரு ஹுன்ட் 100 கூடை, ஏறக்குறைய 12 கன மீட்டர். வழக்கமான படகு அரை ஹுன்ட், அதாவது 50 கூடை. வசந்தத்தில் உறைபனி போன பிறகுதான் வெட்டுவார்கள். மேலே இருக்கும் வெளிர் பீட்டை ஒதுக்கிவிட்டு அடியிலிருக்கும் கறுப்புப் பீட்டைக் கட்டியாக எடுத்து, பரப்பி, திருப்பிப் போட்டு, காற்றுப் புக அடுக்கிக் கோடை முழுக்கக் காயவிடுவார்கள். ஈரக் கறுப்புக் கட்டி உறைந்துபோனால் பிறகு இறுகாது, பொடிந்துவிடும். விற்க முடியாது. ஒரு பின்பனி, ஒரு ஆண்டின் பிழைப்பு.

பிறகு ஹாமெ வழியாக இறங்கி, வ்யூமெ ஆற்றில் கடல் ஏற்றம் வரும் நேரம் பார்த்து மேலேறி, க்ளைனெ வ்யூமெ என்னும் சிற்றாறு, பீட் கால்வாய் வழியாக ப்ரேமன் நகரத் துறை. அந்தத் துறை இருக்கும் பேட்டைக்குப் பெயரே ஃபின்டோர்ஃப்.

சின்ன வாய்க்கால்களில் நீர்மட்டத்தைக் காக்க மடக்குத் தடுப்பு வைத்திருந்தார்கள். அடியில் பொருத்திய பலகை வரிசை, படகின் மூக்கு அழுத்தினால் சாயும், படகு வழுக்கிக் கடந்ததும் நீரே அதை மறுபடி நிமிர்த்திவிடும். திறந்து மூட ஆள் வேண்டாம், நீர் வீணாவதும் கொஞ்சம்தான். ஷ்லூஸ்டோர்ஃபில் பழைய படகுக் கட்டுமானக் கொட்டகையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், படகைக் கட்டிய விதம் புரிய வேண்டுமானால் அங்கே போங்கள்.

மறுமொழி 4

நம்மவர் பலர் போகிறார்கள் போலிருப்பதால் சில விஷயங்கள். மே மாதத்தில் பஞ்சுப்புல் வெடித்து, வயலில் பருத்தி கொட்டினாற்போல் கிடந்தது மட்டும்தான் என் பங்குக்குச் சொல்ல இருப்பது. மற்றதெல்லாம் போகிறவர்களுக்கு.

ப்ரேமன் நடுவண் ரயில் நிலையத்திலிருந்து 670 பஸ், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். கோடையில் வார இறுதி என்றால் மோர்எக்ஸ்பிரஸ் ரயிலில் போங்கள். சைக்கிளை ஏற்றலாம், இறங்கும் வோர்ப்ஸ்வேடெ நிலையமே ஓவியர் ஹைன்ரிஷ் ஃபோகெலர் வடிவமைத்தது, 1910இல் கட்டியது. சைக்கிளில் சதுப்புச் சாலையில் வேகம் வேண்டாம். அடியிலுள்ள பீட் காய்ந்து அமுங்குவதால் தார்ச்சாலை அலை அலையாக இருக்கும், காற்றுக் குறைந்த சக்கரத்தில் விளிம்பு அடிபடும். 

பாதையை விட்டு இறங்காதீர்கள். பச்சையாக, மெத்தைபோலத் தெரியும் இடம்தான் மோசமானது, அது நீரின் மேல் மிதக்கும் பாசி. பழைய வெட்டுக்குழிகள் அதற்கடியில் மறைந்திருக்கும். கால் புதைந்தால் உதறக் கூடாது, உதறினால் இன்னும் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து, எடையைப் பரப்பி, ஒரு காலை மெல்ல இழுக்க வேண்டும். கணுக்கால் மூடிய செருப்பு போதாது, பூட்ஸ் வேண்டும். வெயிலில் காயும் விரியன் வகைப் பாம்பு உண்டு, மிதித்தால்தான் கடிக்கும். வெளிர்நிறக் கால்சட்டை போட்டால் உண்ணி ஏறுவது கண்ணுக்குத் தெரியும், மாலையில் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம், நாயைக் கட்டியே கூட்டிச் செல்ல வேண்டும்.

ஈரமான வெற்றுப் பீட்டில் சிவப்புப் பொட்டுகளாக ஒட்டியிருப்பது நம் சித்த மருத்துவர்கள் அழுகண்ணி என்று சொல்லும் பூச்சி தின்னும் செடியின் இனம்தான். மண்டிபோட்டுப் பாருங்கள், பிடுங்காதீர்கள். படம் எடுப்பவர்கள் போலரைஸர் வடிகட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் வானம் நீரில் விழும், மறுபக்கம் திருப்பினால் பளபளப்புப் போய்த் தேநீர் நிற நீர் தெரியும். அந்த நிறம் பீட்டிலிருந்து கரையும் அமிலங்களால் வருவது, அழுக்கு அல்ல.

மறுமொழி 5

இவ்வளவு எழுதினீர்கள், ஃபோகெலரின் "கோடை மாலை" ஓவியம் இங்குள்ள கிரோஸெ குன்ஸ்ட்ஷௌ கலைக்கூடத்தில் மாட்டியிருப்பதைச் சொல்லவில்லை. 1905இல் வரைந்தது, 3 மீட்டருக்கும் சற்றே கூடிய அகலம். முதலில் ஃபோகெலர் வாழ்ந்த பார்கென்ஹோஃப் போய், அந்த வீட்டின் படிக்கட்டு முன் நில்லுங்கள். பிறகு ஓவியத்தைப் பாருங்கள். அதே படிக்கட்டு. நடுவில் மனைவி மார்த்தா ஒருத்தியாக நின்று எங்கோ பார்க்கிறாள். இடப்பக்கம் பவுலாவும் ஓட்டோ மோடர்ஸோனும் கிளாராவும், வலப்பக்கம் வாத்தியம் வாசிப்பவர்கள். ஃபோகெலர் தன்னை அந்த வாத்தியக்காரர்களுக்குப் பின்னே பாதி மறைத்து வரைந்திருக்கிறார். கிளாராவின் கணவர் கவிஞர் ரில்கெ இல்லவே இல்லை. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அவ்வளவு அழகான தோட்டத்தில் அந்த மௌனம் தாங்க முடியாதது.

அதன் பிறகு நடந்ததையும் தெரிந்துகொண்டு போங்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஃபோகெலர் கம்யூனிஸ்டானார், வீட்டைக் கூட்டுவாழ்வுப் பண்ணையாக்கினார், 1924இல் அது சிறுவர் இல்லமானது. சுவரில் வரைந்த புரட்சி ஓவியங்களை மூடச் சொன்ன அதிகாரிகளும் இருந்தார்கள், நாஜிக் காலத்தில் அவை அழிந்தன. அவர் சோவியத் நாட்டுக்குப் போய், 1941இல் கசகஸ்தானுக்கு அப்புறப்படுத்தப்பட்டு, 1942இல் அங்கேயே இறந்தார். ஓவியர் கூட்டத்தின் முதல்வரான மாக்கென்ஸன் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஹொட்கெரும் அவர்களோடு ஒட்டப் பார்த்தார், அவரையும் ஒதுக்கினார்கள். பவுலாவின் படங்களைச் "சீரழிந்த கலை" என்று அருங்காட்சியகங்களிலிருந்து எடுத்தார்கள். வெயர்பெர்க் குன்றில் 18 மீட்டர் உயரச் செங்கல் நினைவுச்சின்னமான நீடர்ஸாக்ஸன்ஸ்டைன் முன் நிற்கும்போது, 1922இல் அதைக் கட்டிய அதே ஹொட்கெர்தான் இவர் என்பது நினைவில் இருக்கட்டும்.

பவுலாவைத் தேடி வருகிறவர்கள் வோர்ப்ஸ்வேடெயோடு நிறுத்த வேண்டாம். ப்ரேமனில், பொட்சர்ஷ்ட்ராஸெயில் 1927இல் திறந்த அருங்காட்சியகம் அவர் பெயரில் இருக்கிறது, கட்டடம் ஹொட்கெருடையது. 1906இல் தன்னையே இடுப்புக்கு மேல் ஆடையின்றி வரைந்த படமும், 1907இல் ஏழையர் இல்லத்துக் கிழவியைக் கண்ணாடி உருண்டைக்கும் பாப்பிப் பூக்களுக்கும் நடுவே உட்காரவைத்த படமும் அங்கே. அந்தக் கிழவியின் கைகளை நெருங்கிப் பாருங்கள். அதே ஆண்டு நவம்பர் 20இல், மகள் பிறந்து 18 நாளில், 31 வயதில் பவுலா போய்விட்டார்.

மறுமொழி 6

மறுமொழி 1, 2 இரண்டுக்கும் சேர்த்து. இப்போது சில இடங்களில் வாய்க்கால்களைப் பீட் அணை போட்டு அடைத்து நீரைத் திரும்ப நிறுத்துகிறார்கள். மேற்பரப்பை ஒட்டியே ஆண்டு முழுக்க நீர் நின்றால்தான் பாசி பிடிக்கும். பிர்ச்சை வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளை துளிர்க்கும், நீர் ஏறினால்தான் அது சாகும். வெட்டிய இடத்தில் வெள்ளைக் கட்டைகள் நீரில் நிற்பதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் வேலை அப்படித்தான் நடக்கும்.

அக்டோபர், நவம்பரில் க்யுன்னமோர் என்னும் சதுப்புப் பக்கம் போங்கள். சூரியன் இறங்குவதற்கு அரை மணி முன்பே இடம் பிடியுங்கள், காரை விட்டு இறங்க வேண்டாம், கதவுச் சத்தம் கூடாது. க்ரேன் என்னும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் வயல்களில் மேய்ந்துவிட்டுத் திரும்பும். முதலில் எக்காளம் ஊதுவதுபோல் தூரத்தில் குரல் கேட்கும், பிறகுதான் வரிசை கண்ணுக்குத் தெரியும். அவை இறங்குவது முழங்கால் அளவு நீர் நிற்கும் இடத்தில். சுற்றிலும் நீர் இருந்தால் நரி நெருங்க முடியாது. அந்த நீர் அணை போட்டு நிறுத்தியதுதான்.