பெண்களுக்கென்று தனியாக ரோபாட்டிக்ஸ் விருது வேண்டுமா?

பட்டர்வொர்த் அப்பா:
என் மகள் பினாங்கில் ரோபாட்டிக்ஸ் முதுகலை ஆய்வு செய்கிறாள். பெண் ஆய்வாளர்களுக்கான விருது ஒன்றுக்குப் பேராசிரியர் அவள் பெயரைப் பரிந்துரைக்கக் கேட்டிருக்கிறார். இவளோ, "பொண்ணுங்கிறதுக்காகக் கொடுக்கிறது எனக்கு வேண்டாம்பா" என்கிறாள். என்ன சொல்வது?

செந்தூல்காரன்:
என் ஓட்டு மகளுக்கு. தன்னைச் செய்தவர் ஆணா பெண்ணா என்று ரோபோவுக்குத் தெரியாது. ரோபாட்டிக்ஸ் ஆய்வாளர் டேனியலா ரஸ் 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் கணினி, செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு இயக்குநரானார். 2017இல் எங்கெல்பெர்கர் விருது வாங்கினார். 1977இலிருந்து ரோபாட்டிக்ஸ் துறையில் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கிற விருது அது. தனிப் பந்தியிலா உட்கார்ந்தார்?

ஆய்வக அக்கா, கே.எல்.:
ஒருவரைக் காட்டி ஊரே நலம் என்கிறீர்கள். கணினித் துறையின் நோபல் என்கிற டூரிங் விருது தொடங்கியது 1966இல். முதல் பெண்ணான ஃபிரான் ஆலனுக்கு அது போய்ச் சேர 2006 ஆனது. நாற்பது வருஷமும் பெண்கள் என்ன, கோலம் போட்டுக்கொண்டா இருந்தார்கள்? விருது தானாக வராது தம்பி. யாராவது உட்கார்ந்து பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். எழுதுகிறவருக்கு முதலில் ஞாபகம் வருவது தன்னோடு கோப்பி குடிக்கிறவர் பெயர்தான். ரோபாட்டிக்ஸ் பற்றி எழுதுகிற ரோபோஹப் இணையதளம் 2013இல், தெரிந்திருக்க வேண்டிய 25 ரோபாட்டிக்ஸ் பெண்கள் என்று பட்டியலே போட்டது. அதற்கப்புறமும் 'பேச அழைக்கப் பெண்களே கிடைக்கவில்லை' என்றால் தேடவில்லை என்றுதான் அர்த்தம்.

பாயான் லெப்பாஸ் இன்ஜினியர்:
நானும் பெண்தான், ஆனால் எதிர்க்கட்சி. பழைய வேலையிடத்தில் சிறந்த பெண் பொறியாளர் என்று ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். ரோபோக் கை சிப்பை உறிஞ்சி எடுக்கும்போது ஓரம் உடைந்துகொண்டே இருந்தது. உறிஞ்சும் ரப்பரையும் கை இறங்குகிற வேகத்தையும் மாற்றி மாற்றி ஆறு மாதம் மல்லுக்கட்டிச் சரிசெய்தேன். மேடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'வீட்டையும் வேலையையும் அழகாகச் சமாளிக்கிறவர்' என்று வாசித்தார்கள்! மறுநாள் ஒருவர், "அந்தக் கோட்டாவா?" என்று சிரித்தார். கோப்பை இப்போது பேனா வைக்க உதவுகிறது.

ஆய்வக அக்கா, கே.எல்.:
கோபம் நியாயம். ஆனால் அது அந்த வாசகத்தை எழுதினவர் மேல் வரவேண்டும்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
நான் பார்த்ததைச் சொல்கிறேன். தரையில் போட்ட கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோப் போட்டி. பள்ளியில் ஒழுங்காக ஓடிய வண்டி, மண்டபத்தில் ஜன்னல் பக்கத்து வளைவு வந்தாலே தடம் மாறியது. எல்லாரும் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, "வெயில் டீச்சர்" என்றாள். சென்சாரைத் தரைக்கு நெருக்கமாக இறக்கி, கறுப்பு அட்டையை வெட்டிச் சுற்றி மறைத்தாள். அவ்வளவுதான், இரண்டாம் பரிசு. படமெடுத்தபோது கோப்பை பையன்கள் கையில் இருந்தது. அவள் ஓரத்தில் சார்ஜரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சுவரில் இன்றும் அந்தப் படம்தான்.

செந்தூல்காரன்:
டீச்சர் சொன்னது சுடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பெண்ணைப் படத்தின் நடுவில் நிறுத்துவதுதானே முறை? அவளுக்கென்று தனிப்படம் எதற்கு?

ஆய்வக அக்கா, கே.எல்.:
அப்படி நடுவில் நிறுத்தும் காலம் வரும்வரை என்ன செய்வது? பெண் விஞ்ஞானிகளுக்கு மட்டுமான லோரியால்-யுனெஸ்கோ விருதை 2008இல் வாங்கியவர்களில் அடா யோனத்தும் எலிசபெத் பிளாக்பர்னும் உண்டு. 2009இல் இருவருக்குமே நோபல். தனிப் பந்தியில் உட்கார்ந்ததால் யாரும் சின்னவராகிவிடவில்லை.

செந்தூல்காரன்:
அவர்கள் அந்த விருது இல்லாவிட்டாலும் நோபல் வாங்கியிருப்பார்கள் அக்கா. செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோம் பற்றிய யோனத்தின் வேலை அதற்குப் பல வருஷம் முன்பே உலகத்துக்குத் தெரியும்.

ஆய்வக அக்கா, கே.எல்.:
இருக்கலாம். நோபல் வாங்குகிற ஆளுக்கு எந்த விருதும் தேவையில்லைதான். இங்கே பேச்சு முதுகலைப் பெண்ணைப் பற்றி. அடுத்த மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அவளுக்கு அந்த ஒரு வரி உதவும்.

பட்டர்வொர்த் அப்பா:
எல்லாவற்றையும் மகளிடம் படித்துக் காட்டினேன். இன்ஜினியர் அம்மாவின் கோப்பைக் கதைக்குத்தான் அதிகம் சிரித்தாள். பரிந்துரைக் கடிதத்தை முதலில் தான் படிக்க வேண்டுமாம். தன் ரோபோக் கையைப் பற்றி ஒரு பக்கமாவது இருந்தால் சம்மதமாம். 'குடும்பம்' என்ற சொல் எங்காவது தென்பட்டால் கிடையாதாம்.

செந்தூல்காரன்:
அது என்ன கை ஐயா? அதைச் சொல்லவே இல்லையே!

பட்டர்வொர்த் அப்பா:
மூன்று விரல், எல்லாம் சிலிக்கோன். மங்குஸ்தீனை நசுக்காமல் எடுக்க வேண்டும்; அடிபட்டால் அந்தப் பழத்தின் தோல் கல்லாகிவிடும். போன வாரம் எங்கள் சமையலறையில் சோதித்தாள். ஒரு கிலோவில் நாலு பழம் போச்சு.