பொருள்: கட்டடம் ஏன் விழுந்தது என்று ஆராய்வதற்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். பாலிடெக்னிக் சிவில் மாணவர்களுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். 'ஃபாரன்சிக் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்' என்ற அத்தியாயத் தலைப்பிலேயே இரண்டு நாளாக நிற்கிறது வேலை. தடயவியல் என்று போட்டால் பையன்களுக்குக் கைரேகையும் ரத்தக்கறையும்தான் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மாதிரிக்கு ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன்.
— செ., திருச்சி

இடிபாட்டாய்வு. ஒரே சொல், பாட்டிக்கும் புரியும். இணைப்பைப் பார்த்தேன்: 'கட்டிடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டு + இடம் என்றால் மனை. எழுந்து நிற்பது கட்டடம்.
— நா.

கட்டடச் சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளலாம், போன மாதம்தான் ஓய்ந்தது.

நா. ஐயா, இடிந்தால்தானே இடிபாடு? சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே அதன் இரட்டை நின்றது. அதையும் ஆராய்ந்து, ஆபத்து என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். நின்றதை ஆராய்ந்ததற்கு என்ன பெயர்? எனக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி நிற்கிற கட்டடம்தான். பூச்சு பெயர்ந்து கம்பி தெரியும். கான்கிரீட்டைப் புதிதாகக் கொத்தி, காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ஃப்தலீன் தெளிப்போம். ரோஸ் ஆனால் காரத்தன்மை இருக்கிறது, கம்பிக்குக் காப்பு உண்டு. நிறம் வராவிட்டால் கரியமில வாயு அதுவரை இறங்கிக் காரத்தைப் போக்கிவிட்டது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவேறி உப்பி மேலே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிடும். இதில் இடிபாடு எங்கே? 'கட்டட நோய்நாடல்' என்று வையுங்கள். நோய்முதல் நாடச் சொன்னவர் வள்ளுவர்.
— மு. (சைட்டிலிருந்து)

நாடி பிடிப்பதை மருத்துவருக்கு விடுவோம். துப்பு இருக்கும்போது எதற்குத் தேடுகிறோம்? துப்புத் துலக்குவது எல்லோருக்கும் தெரியும். பழந்தமிழில் துப்பு என்றால் வலிமை. 'துப்புக் கெட்டவன்' என்று திட்டுகிறோமே, அந்தத் துப்பு. தூண் துப்புக் கெட்டது எப்படி என்று துப்புத் துலக்குவது துப்பாய்வு. வலிமையும் தடயமும் ஒரே சொல்லுக்குள்! (துப்பார்க்குத் துப்பாய என்கிற துப்பு உணவு, அது இங்கே வேண்டாம். பவளத்துக்கும் துப்பு என்று பெயர். அதுவும் வேண்டாம்.)
— கோ.

கோ. அண்ணா, 'இன்றைய பாடம்: துப்பாய்வு' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் கடைசி பெஞ்சு என்ன செய்யும் என்று செ.வைக் கேளுங்கள். எங்கள் அலுவலக மாடிப்படி மூலையில் தினமும் நடப்பதும் அதே ஆய்வுதான்.
— வ.

நான் வழக்கறிஞர், அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன். ஃபாரன்சிக் லத்தீன் ஃபோரத்திலிருந்து வந்தது, அதாவது நம் மன்று. மன்றாடுதலும் அங்கிருந்துதான். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் கன்சாஸ் நகர ஹயாத் ரீஜென்சி விடுதியில் இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்கியது. அதை இரண்டு கம்பியாக்கிக் கீழ்ப் பாலத்தை மேல் பாலத்திலிருந்து தொங்கவிட்டார்கள். மேல் பாலத்து நட்டுக்கு இரட்டைச் சுமை. நோய்நாடல் இதோடு நின்றுவிடும். மாற்றத்தைக் கேட்டது யார், கணக்குப் போடாமல் ஒப்புதல் தந்தது யார் என்று மன்றில் நின்று பதில் சொல்லும் வரை போவதுதான் ஃபாரன்சிக். பொறியாளர்களின் உரிமமே பறிபோனது. என் ஓட்டு மன்றாய்வுக்கு.
— ல.

ல. அம்மா, அந்த முதல் வரைபடமே நகர விதி கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் என்று பிறகு தெரிந்தது. நோய் முன்பே இருந்தது. மன்றாய்வு என்றால் என் மேஸ்திரி ரசிகர் மன்றத்தைத்தான் நினைப்பார்.
— மு.

சரி, மேஸ்திரிக்குப் புரியவேண்டும் என்றால் 'ஃபாரன்சிக்' என்றே எழுதிவிட்டுப் போங்கள். எதற்கு இந்தக் குழு?
— கோ.

நண்பர்களே, நன்றி. பதிப்பகத்திலிருந்து காலையில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'கட்டமைப்புத் தடய ஆய்வு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். தடயவியல் என்ற துறைப்பெயரை விட்டுத் தடயத்தை மட்டும் எடுத்தால் கைரேகை வாடை கொஞ்சம் குறைகிறது. மு. சொன்ன நோய்நாடலை இடிந்துவிழாத கட்டடங்களுக்கு மட்டும் உள்ளே ஒரு பத்தியில் வைத்திருக்கிறேன். நா. ஐயா, கட்டடம் என்று எல்லா இடத்திலும் திருத்தியாயிற்று. ஒன்றிரண்டு தப்பியிருக்கும்.

அடுத்த அத்தியாயத்தில் 'க்ரீப்' வருகிறது. நிரந்தரச் சுமையில் கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்ல உருமாறுமே, அது.
— செ.

க்ரீப்புக்கு ஊர்வு. துப்பாய்வை நான் கைவிடவில்லை, பதிவில் இருக்கட்டும்.
— கோ.

ஊர்வா? பாம்பா போகிறது?
— வ.